கொத்தனார் இல்லாமல் கணக்குப் போடும் டைல்ஸ்: வீட்டிலேயே செய்து பார்க்க

தரைக்கு டைல்ஸ் பதிக்கிற கொத்தனாருக்கு எது எங்கே போகவேண்டும் என்று தெரியும். இங்கே நாம் செய்யப்போகிற டைல்ஸுக்குக் கொத்தனாரே கிடையாது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, பொருந்துகிற இடத்தில் வைத்துக்கொண்டே போகவேண்டியதுதான். கடைசியில் பார்த்தால் அது பைனரியில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், 1, 2, 3 என்று எண்ணி முடித்திருக்கும். எந்த டைலுக்கும் எண்ணத் தெரியாது. வைக்கிறவருக்கும் தெரியவேண்டியதில்லை, ஓரத்தைப் பார்த்துப் பொருத்தத் தெரிந்தால் போதும், அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவைத்தும் செய்யலாம்.

விளையாட்டு மாதிரி இருந்தாலும் இதே டைல்ஸை டிஎன்ஏவில் செய்து, சோதனைக் குழாய்க்குள் தாமாகவே ஒட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கத்தரிக்கோல்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் கட்டாக இருக்கும், அந்த அட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். 4 செ.மீ. சதுரமாக 64 துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிற ஸ்கெட்ச் பேனா, கட்டம் போட்ட ஒரு பெரிய சார்ட், ஒரு துணிப்பை. வேறு எதுவும் வேண்டாம்.

விதிகள் மூன்றே மூன்றுதான். ஒன்று, டைலைத் திருப்பக் கூடாது. அதனால் வெட்டியவுடனே ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். இரண்டு, ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு பெயரும் ஒரு பலமும் இருக்கும். ஓரத்தில் ஒற்றைக் கோடு போட்டால் பலம் 1, இரட்டைக் கோடு போட்டால் பலம் 2, கோடே இல்லை என்றால் அந்தப் பக்கம் எதனோடும் ஒட்டாது. அடுத்தடுத்த இரண்டு டைல்களின் தொடும் ஓரங்களில் ஒரே பெயர் இருந்தால் அந்தப் பலம் கணக்கில் சேரும். பெயர் வேறாக இருந்தால் பூஜ்யம். மூன்றாவதுதான் உயிர்நாடி: ஒரு டைல் ஓரிடத்தில் நிற்க, சுற்றி இருக்கிற டைல்களிடமிருந்து கிடைக்கும் பலம் மொத்தமாக 2 ஆவது இருக்கவேண்டும். இல்லையென்றால் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுவிடவேண்டும். இந்த 2 என்ற எண்ணை இந்தத் துறையில் 'வெப்பநிலை' என்பார்கள், ஏன் என்பது டிஎன்ஏ பக்கம் வரும்போது தானாகப் புரியும்.

முதல் ஆட்டம்: முக்கோணங்கள்

சார்ட்டின் வலது கீழ் மூலையில் 'விதை' என்று ஒரே ஒரு அட்டையை ஒட்டிவையுங்கள். அதன் இடது ஓரத்தில் இரட்டைக் கோடு, பெயர் 'கீ'. மேல் ஓரத்தில் இரட்டைக் கோடு, பெயர் 'வ'. அடுத்து, கீழ் வரிசைக்கான அட்டை 7 வேண்டும்: வலமும் இடமும் இரட்டைக் கோட்டில் 'கீ', மேல் ஓரத்தில் ஒற்றைக் கோட்டில் '1'. வலது நெடுவரிசைக்கும் 7 அட்டை: கீழும் மேலும் இரட்டைக் கோட்டில் 'வ', இடது ஓரத்தில் ஒற்றைக் கோட்டில் '1'. இரட்டைக் கோடு இருப்பதால் இவை வேறு யாருடைய தயவும் இல்லாமல் விதையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வளர்ந்துவிடும்.

மிச்சம் 49 அட்டை. இவைதான் கணக்குப் போடப்போகிறவை. நான்கு வகை, நான்கு பக்கமும் ஒற்றைக் கோடுதான். கீழ் ஓரமும் வலது ஓரமும் உள்ளே வரும் தகவல், மேல் ஓரமும் இடது ஓரமும் வெளியே போகும் தகவல். உள்ளே வரும் இரண்டும் ஒன்றாக இருந்தால் வெளியே இரண்டு பக்கமும் 0, வேறுவேறாக இருந்தால் இரண்டு பக்கமும் 1. அதாவது கீழே 0 வலம் 0 என்று 24 அட்டை, கீழே 1 வலம் 1 என்று 13 அட்டை (இந்த இரண்டு வகைக்கும் மேல், இடம் 0), கீழே 0 வலம் 1 என்று 6, கீழே 1 வலம் 0 என்று 6 (இந்த இரண்டுக்கும் மேல், இடம் 1). வெளியே 1 தருகிற அட்டைகளின் நடுவை மட்டும் நிறம் தீட்டிவிடுங்கள், ஓரத்து வரிசை அட்டைகளையும் விதையையும் சேர்த்து. இது முக்கியம், கடைசியில் படம் தெரிவது இந்த நிறத்தால்தான்.

இப்போது விதையைத் தவிர எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக் குலுக்கி எடுக்க ஆரம்பியுங்கள்.

ஆரம்பத்தில் கையில் வருகிற அட்டையில் பாதிக்கு மேல் எங்கும் நிற்காது, திரும்பப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓரங்கள் வளர்ந்த பிறகு, மூலைக்கு உள்பக்கம் ஒரே ஒரு கட்டத்தில்தான் கீழேயும் அண்டை உண்டு, வலப்பக்கமும் அண்டை உண்டு. இரண்டும் 1. அங்கே '1, 1' அட்டை மட்டும்தான் நிற்கும், நின்றதும் அது இடப்பக்கமும் மேலேயும் 0 என்று சொல்லும். உடனே இரண்டு புதிய மூலைகள் உருவாகும். அவற்றில் எது முதலில் நிரம்பினாலும் பரவாயில்லை. அப்படியே மூலைவிட்டமாக ஓர் அலை போல வளர்ந்து, 8×8 முடியும்போது பையில் ஓர் அட்டைகூட மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தாலோ, ஏதாவது கட்டம் காலியாக இருந்தாலோ எங்கோ தப்பாக வைத்திருக்கிறீர்கள் அல்லது தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நிறம் தீட்டிய 27 கட்டங்களைத் தள்ளி நின்று பாருங்கள். முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் முக்கோணம். சியர்பின்ஸ்கி முக்கோணம் என்பார்கள். பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படை எண்களை மட்டும் நிறம் தீட்டினால் வருகிற அதே படம்தான். வரைபடம் எந்த அட்டையிலும் இல்லை. நீங்கள் எடுத்த வரிசை வேறு, அடுத்த வீட்டுப் பையன் எடுக்கிற வரிசை வேறு, ஆனாலும் ஒரே படம்தான் வரும். காரணம், எந்த மூலையை எடுத்துக்கொண்டாலும் அதில் நிற்கக்கூடிய அட்டை வகை ஒன்றே ஒன்று.

இங்கே ஒரு கட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஓரத்துக்கு மேலே உள்ள முதல் வரிசையில், வலமிருந்து இரண்டாவது உள்கட்டம். கீழே '1' தயார். வலப்பக்க அண்டை இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் '1, 1' அட்டை வந்தாலும் கீழ் ஓரம் பொருந்தும், 'கீழே 1 வலம் 0' அட்டை வந்தாலும் பொருந்தும். இரண்டுக்கும் கிடைப்பது பலம் 1 மட்டுமே, அதனால் இரண்டுமே கழன்று போகும். வலப்பக்கத்தில் 0 வந்து உட்கார்ந்த பிறகுதான் சரியான அட்டைக்கு இரண்டு பக்கமும் பிடி கிடைக்கிறது. இரண்டு அண்டைகள் சேர்ந்து கை கொடுத்தால்தான் மூன்றாமவர் நிற்க முடியும் என்ற இந்தக் கட்டாயம்தான் கணக்கைப் போடுகிறது. அட்டைகளில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் வெப்பநிலையை 1 ஆக்கி மறுபடி ஆடுங்கள். அதாவது ஒரு பக்கம் பொருந்தினாலே வைத்துவிடலாம். அட்டைகள் வலப்பக்கம் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே குருட்டாம்போக்கில் உட்காரும், பிறகு வருகிறவை அதோடு முரண்படும், நாலைந்து வரிசைக்குள் படம் கந்தல். இது நம் அட்டை வடிவமைப்பின் குறை என்று நினைத்துவிடவேண்டாம். சமதளத்தில், ஒற்றைப் பிடியில் ஒட்டும் டைல்ஸால் கணினி மாதிரி எந்தக் கணக்கையும் செய்துகாட்ட முடியுமா என்பது ரொம்ப நாள் திறந்த கேள்வியாக இருந்தது. வரம்புக்குள் அடங்கிய டூரிங் எந்திரத்தை (கணினிக்கான எளிய கணித மாதிரி அது) கூட வழக்கமான முறையில் நடித்துக்காட்ட அவற்றால் முடியாது என்று மெனியே, வுட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் நிரூபித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முப்பரிமாணத்துக்குப் போனால் ஒற்றைப் பிடியே போதும் என்று 2011-லேயே காட்டியிருந்தார்கள்.

இரண்டாம் ஆட்டம்: எண்ணும் டைல்ஸ்

முக்கோணம் அழகு, ஆனால் எண்ணுவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் மாற்றம் அவ்வளவு சின்னது. இரண்டே திருத்தம். கீழ் வரிசை அட்டையின் மேல் ஓரத்தை '1' என்பதற்குப் பதில் '0' ஆக்குங்கள். கணக்குப் போடும் நான்கு வகையிலும் மேல் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, இடது ஓரத்தை மட்டும் மாற்றுங்கள்: உள்ளே வருகிற இரண்டும் 1 என்றால் மட்டும் இடது ஓரம் 1, மற்ற மூன்று வகைக்கும் 0.

என்ன ஆகிறது என்றால், வலது ஓரம் இப்போது பள்ளிக்கூடத்துக் கூட்டலில் வருகிற 'மீதம் ஏறுதல்' ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வரிசையின் வலக்கோடியிலும் நெடுவரிசை அட்டை '1' என்று நீட்டுகிறது, அதாவது கீழ் வரிசையில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்கிறது. கூட்டுத்தொகை மேலே போகிறது, மீதம் இடப்பக்கம் ஏறுகிறது. மூன்று இலக்கத்துக்குச் செய்து பாருங்கள்: கீழ் வரிசை 3 அட்டை, வலது நெடுவரிசை 7 அட்டை, உள்ளே 21 அட்டை. 'கீழே 0 வலம் 1' வகையில் 7, '1, 1' வகையில் 4, '0, 0' வகையிலும் 'கீழே 1 வலம் 0' வகையிலும் ஐந்தைந்து. ஒவ்வொரு வரிசையிலும் மேல் ஓரங்களைப் படித்தால் 001, 010, 011, 100, 101, 110, 111.

மூன்றாவது வரிசையிலிருந்து நான்காவதுக்குப் போகிற இடத்தைக் கவனியுங்கள். கீழே 011. வலக்கோடியில் 1-உம் 1-உம் சேர்ந்து 0, மீதம் 1. நடுவில் மறுபடி 1-உம் 1-உம், 0, மீதம் 1. இடக்கோடியில் 0-உம் 1-உம், 1. இந்த மூன்று அட்டைகளும் வலமிருந்து இடமாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். அதே நேரத்தில் வலக்கோடியில் ஐந்தாவது வரிசை தொடங்கிவிடலாம், தடையில்லை. எது எதற்குக் காத்திருக்கவேண்டுமோ அது மட்டும் காத்திருக்கிறது, மற்றதெல்லாம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. பல கணினிகளை ஒன்றாக ஓடவைத்து நிரல் எழுதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும்.

அட்டையிலிருந்து டிஎன்ஏவுக்கு

ஓரம் பொருந்தும் சதுர டைல் என்ற யோசனை ஹாவ் வாங் என்ற தர்க்கவியலாளருடையது, 1961. கொடுத்த டைல் வகைகளால் முடிவில்லாத தரையை நிரப்ப முடியுமா என்பதைச் சொல்ல ஒரு பொதுவான வழிமுறை இருக்கும் என்று அவர் நினைத்தார். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று ராபர்ட் பெர்கர் 1966-இல் காட்டினார். அதுவரை இது காகிதத்துக் கணிதம்.

இன்னொரு பக்கம், படிகங்களை ஆராய்ந்த நெட் சீமன் 1982-இல் டிஎன்ஏவைக் கிளைகளாகப் பின்னி வலை மாதிரிக் கட்டலாம் என்று எழுதினார். 1994-இல் லென் ஏடில்மன் ஏழு ஊர்களைத் தலா ஒரு முறை மட்டும் தொட்டுப் போகும் பாதையைச் சோதனைக் குழாயில் டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடித்தார். இந்த மூன்று நூலையும் கோத்து முடிச்சுப் போட்டவர் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் வின்ஃப்ரீ. மேலே நீங்கள் ஆடிய விதிகள் அவருடைய 1998 ஆய்வேட்டில் இருப்பவைதான். இரட்டைக் கோடு, ஒற்றைக் கோடு, வெப்பநிலை 2 இருந்தால் எந்தக் கணினியும் போடக்கூடிய கணக்கை டைல்ஸும் போடும் என்று அவர் காட்டினார்.

டிஎன்ஏ டைல் என்பது இரண்டு இரட்டைச் சுருள்களை அருகருகே வைத்து இரண்டு இடத்தில் பின்னியது. நான்கு முனையிலும் ஐந்தாறு எழுத்து நீளத்துக்கு ஒற்றை இழை தொங்கும். அதுதான் ஓரத்தின் 'பெயர்': ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி சேர்ந்தால் ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. கரைசலைச் சூடாக்கி மெல்லக் குளிரவிட்டு, ஒரு முனை மட்டும் பிடித்தால் அதிர்விலேயே கழன்றுவிடும், இரண்டு முனை பிடித்தால் நிற்கும் என்கிற சூட்டில் வைக்கவேண்டும். 'வெப்பநிலை 2' என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ராத்மண்ட், பாப்படாகிஸ், வின்ஃப்ரீ மூவரும் 2004-இல் நம் முதல் ஆட்டத்தை அப்படியே டிஎன்ஏவில் ஆடிக் காட்டினார்கள். 1 தருகிற டைல்களில் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் வைத்திருந்தார்கள், நாம் நிறம் தீட்டியதற்குப் பதில். அணுவிசை நுண்ணோக்கியில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முக்கோணங்கள் தெரிந்தன. கூடவே பிழைகளும் தெரிந்தன, நூற்றுக்கு 1 முதல் 10 டைல் வரை தப்பான இடத்தில்.

பிழையை எப்படிக் குறைப்பது

அட்டை ஆட்டத்தில் நீங்கள் விதியை மீறுவதில்லை. மூலக்கூறு மீறும். ஒரு பக்கம் மட்டும் பொருந்திய டைல் கழலுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டிவிட்டால், தப்பானது உள்ளே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிறவை எல்லாம் அந்தத் தப்பை நம்பிச் 'சரியாக' வளரும்.

இதை ஒரு சின்ன பைத்தான் நிரலில் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் எந்த டைல் என்று ஓர் அகராதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியிலும், கீழே சொல்கிற வாய்ப்பில், எல்லையில் உள்ள ஒரு காலிக் கட்டத்தில் கண்மூடித்தனமாக ஏதோ ஒரு டைலை வையுங்கள், பொருத்தம் பார்க்கவே வேண்டாம். அப்புறம் எல்லையில் நிற்கிறவற்றைக் கழல விடுங்கள்: பலம் 1-இல் நிற்பது கழலும் வாய்ப்பு 100-இல் 1 என்றால், பலம் 2-இல் நிற்பதற்கு 10,000-இல் 1, 3-க்கு இன்னொரு நூறு மடங்கு குறைவு, எந்தப் பக்கமும் பொருந்தாதது அந்த நிமிடமே விழட்டும். புது டைல் வருகிற வாய்ப்பை அந்த 10,000-இல் 1-ஐவிடக் கொஞ்சம் மட்டும் கூட வையுங்கள். மெதுவாக வளரும், சுமார் 2 சதவீதம் தப்பும். வருகிற வேகத்தை ஏற்றினால் சடசடவென்று வளர்ந்து குப்பையாகும். பிழையைப் பத்தில் ஒன்றாக்கவேண்டும் என்றால் வேகத்தை நூற்றில் ஒன்றாக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு இங்கே விலை ரொம்ப அதிகம். நிரல் எழுதச் சோம்பலாக இருந்தால் வின்ஃப்ரீ குழுவின் எக்ஸ்குரோ என்ற இலவச மென்பொருள் இதையே செய்கிறது.

வேகத்தை விடாமல் பிழையைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு டைலுக்குப் பதில் 2×2 ஆக நான்கு டைல் வையுங்கள். உள்பக்க ஓரங்களுக்கு வேறெங்கும் வராத தனிப் பெயர்கள். இப்போது ஒரு தப்பு நிலைக்கவேண்டும் என்றால் அதை ஒட்டி இரண்டாவது தப்பும் நடக்கவேண்டும், அதற்குள் முதலாவது கழன்றுவிடும். நூற்றில் ஒன்றாக இருந்த பிழை ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றாகும். வின்ஃப்ரீயும் பெக்போலாட்டோவும் 2003-இல் சொன்னது இது. நான்கு வகை 16 வகையாவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை, என்னைக் கேட்டால் மலிவு.

விதையையும் விட்டுவிடக் கூடாது. நம் ஓரத்து அட்டைகளைக் கவனித்தால் தெரியும், இரட்டைக் கோடு இருப்பதால் விதை இல்லாமலே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழாயில் கோடிக்கணக்கில் மிதக்கும்போது இது பெரிய தொல்லை. டிஎன்ஏவை மடித்துச் செய்த பெரிய துண்டு ஒன்றை விதையாகவும் உள்ளீடாகவும் வைப்பது 2009 வாக்கில் வந்து, நிலைமை மாறியது. 2019-இல் வுட்ஸ், டோட்டி, வின்ஃப்ரீ குழு ஒரே தொகுப்பாக 355 டைல் செய்து, அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கிப் போட்டே 21 விதமான 6-பிட் (ஆறு பைனரி இலக்க) கணக்குகளைச் செய்துகாட்டியது: வரிசைப்படுத்துவது, முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கிற எண்ணைக் கண்டுபிடிப்பது, 63 வரை எண்ணுவது என்று. பிழை 3,000 டைலுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இதை வைத்து நம் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டால், இல்லை. எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் டிஎன்ஏவில் உருவாக்கிச் சரியானதைப் பொறுக்குவது சின்னக் கணக்குக்குச் சரி. ஏடில்மன் செய்ததையே 200 ஊர்களுக்குச் செய்யப் போனால் பூமியின் எடையைவிட அதிக டிஎன்ஏ வேண்டும் என்று ஹார்ட்மானிஸ் என்ற கணினியியலாளர் 1995-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பொருளைத் தன்னைத்தானே சரியான வடிவத்தில், சரியான அளவில் நின்றுகொள்ளச் செய்வதுதான் இதன் உண்மையான பயன். எண்ணத் தெரிந்த டைல்ஸ், எத்தனை வரிசையில் வளர்ச்சியை நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்யவும் செய்யும்.

இனி நீங்களே வடிவமைக்க ஒன்று: ஓர் எண் 3-ஆல் வகுபடுமா என்று சொல்லும் டைல்ஸ். கீழ் வரிசையில் எண்ணை பைனரியில் ஒட்டிவையுங்கள், இடக்கோடியில் '0' என்று ஒரு தொடக்க அட்டை. இந்த முறை வளர்ச்சி இடமிருந்து வலம். கீழ் ஓரத்தில் பிட், இடது ஓரத்தில் இதுவரையான மீதி. வலது ஓரத்தில் புது மீதி, அதாவது பழைய மீதியை இரட்டித்துப் பிட்டைக் கூட்டி 3-ஆல் வகுத்த மீதி. மீதி 0, 1, 2 என்று மூன்று, பிட் இரண்டு, ஆகவே ஆறே வகை. எல்லா ஓரமும் ஒற்றைக் கோடு, வெப்பநிலை 2. 13-ஐ 1101 என்று வைத்தால் மீதி 1, 0, 0, 1 என்று ஓடி, வலக்கோடியில் 1 நிற்கும், வகுபடாது. 6-க்கு 110, 0-வில் முடியும். ஓடிவிட்டால் அடுத்து 7-ஆல் வகுபடுவதற்குச் செய்து பாருங்கள், 14 வகை வேண்டியிருக்கும்.